மாநில நெடுஞ்சாலைத் தார் விதியில் முதலில் எதை மாற்றலாம்: ரகமா, பிளாஸ்டிக்கா, சோதனையா, அடர்த்தியா?

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நம் மாநில நெடுஞ்சாலைகள் பல இடங்களில் பல்லிளிக்கின்றன. உடனே ஒரு பேச்சு கிளம்பும்: தார் சரியில்லை, ரகத்தை மாற்ற வேண்டும். ஒருவர் வி.ஜி.40 என்ற கெட்டியான ரகம் என்பார். இன்னொருவர் பாலிமர் கலந்த தார் என்பார். மதுரைப் பிளாஸ்டிக் சாலையை எல்லா எஸ்டிமேட்டிலும் கட்டாயமாக்கச் சொல்வோர் உண்டு. வெளிநாட்டு விதிகளைப் படித்தவர்கள், கலவையை விரிசல் சோதனைக்கும் ரட்டிங் (சக்கரத் தடம் பள்ளமாவது) சோதனைக்கும் உட்படுத்தாமல் சாலையில் கொட்டவே கூடாது என்பார்கள். ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளும் பணமும் அளவோடு இருக்கும் ஒரு துறை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற முடியாது. விதிப் புத்தகத்தில் முதலில் எந்த வரியைத் திருத்துவது? என்னைக் கேட்டால், தார் ரகத்தைத் தொடுவதற்கு முன்னால் அடர்த்தி பற்றிய வரியைத் திருத்தச் சொல்வேன்.

இப்போது எது நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மாநில நெடுஞ்சாலை வேலைகள் பெரும்பாலும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதித் தொகுப்பை, அதாவது இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 2013இல் வெளியிட்ட ஐந்தாம் திருத்தத்தை ஒட்டியே நடக்கின்றன. தாருக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 73, அதன் 2013 பதிப்பு. தடிமன் வடிவமைப்புக்கு ஐ.ஆர்.சி. 37, அதன் 2018 பதிப்பு. மேல்தளத்துக்கு அதிகம் போடப்படுவது பி.சி. எனப்படும் பிட்டுமினஸ் காங்கிரீட். அதில் இரண்டாம் கிரேடு என்றால் 13.2 மில்லிமீட்டர் பெயரளவு ஜல்லி, குறைந்தது 5.4 சதவீதம் தார், 30 முதல் 40 மில்லிமீட்டர் தடிமன்.

ஒப்பிட வசதியாக ஒரு கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். 7 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் பி.சி. அது 280 கன மீட்டர் கலவை, எடையில் ஏறக்குறைய 660 டன். அதில் தார் மட்டும் 36 டன் அளவுக்கு வரும்.

முதலில் வி.ஜி.40. தார் ரகங்களைப் பிரிப்பது 60 டிகிரியில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்ற அளவு. வி.ஜி.30 என்றால் 2400 முதல் 3600 பாய்ஸ் (பாகுத்தன்மையின் அலகு). வி.ஜி.40 என்றால் 3200 முதல் 4800 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். 3400 பாய்ஸ் உள்ள தார், இந்த அளவை மட்டும் பார்த்தால், இரண்டு ரகத்துக்கும் பொருந்தும். ஆகவே எஸ்டிமேட்டில் எண்ணை மாற்றியதால் மட்டும் சாலைக்கு வரும் தார் பெரிதாக மாறிவிடும் என்று உறுதி கிடையாது.

வெயிலைக் காரணம் காட்டி வி.ஜி.40 கேட்பவர்கள் ஐ.எஸ். 73 சொல்லும் வெப்ப அட்டவணையை ஒருமுறை பார்க்க வேண்டும். ஏழு நாள் சராசரி உச்ச வெப்பம் 38 முதல் 45 டிகிரி வரை உள்ள இடத்துக்கு வி.ஜி.30 போதும், 45ஐத் தாண்டினால்தான் வி.ஜி.40. வேலூரிலும் கரூரிலும் கத்திரி வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் ஏழு நாள் சராசரி அந்த வரம்பைத் தொடுவதில்லை. வி.ஜி.40க்கு உண்மையான நியாயம் பாரத்தில் இருக்கிறது. துறைமுகச் சாலைகள், குவாரிச் சாலைகள், எம்-சாண்ட் டிப்பர்களும் கரும்பு லாரிகளும் ஓடும் தடங்கள் ஆகியவற்றில் மெதுவாக ஊரும் அதிக எடை, தாரை இழுத்து நெளித்துவிடும். வடிவமைப்புப் போக்குவரத்து 20 மில்லியன் ஸ்டாண்டர்ட் ஆக்ஸிலை (லாரி அச்சுப் பாரத்தை எண்ணும் அலகு) தாண்டும் சாலைகளுக்குக் கெட்டியான தாரை ஐ.ஆர்.சி. 37 கேட்பதும் அதனால்தான்.

அப்படியானால் எல்லாச் சாலைக்கும் கெட்டியான தாரையே போட்டுவிட்டால் என்ன? இங்கேதான் சிக்கல். வி.ஜி.30 கலவையைப் பேவரில், அதாவது தளம் விரிக்கும் இயந்திரத்தில், போடும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும், 90க்கு இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். வி.ஜி.40க்கு இது 150, 100. பிளான்ட் ஒரு தாலுகாவில், வேலை இன்னொரு தாலுகாவில். நடுவில் ஒரு சந்தைக் கூட்டம், ஒரு ரயில்வே கேட். தார்ப்பாய் சரியாக மூடாத டிப்பரில் மேல்புறம் ஓடுகட்டிவிடும். அதே கலவையை மாலைக் காற்றில் 30 மில்லிமீட்டர் தடிமனில் விரித்தால் ரோலருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். தார் கெட்டியாக ஆக அந்த நேரத்துக்குள் அழுத்துவது இன்னும் கடினம். அழுந்தாத வி.ஜி.40 தளம், நன்றாக அழுந்திய வி.ஜி.30 தளத்தைவிட மோசமானது. இடைவெளிகள் வழியே காற்று புகுந்து தார் சீக்கிரம் வறண்டு போகும், அடுத்த மழையில் ஜல்லி உதிரும். ரகத்தை உயர்த்தி, அழுத்தும் பழக்கத்தை மாற்றாமல் விட்டால் கூடுதல் பணம் கொடுத்துச் சாலையின் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறோம்.

பாலிமர் கலந்த தாரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சரக்கு. ஐ.எஸ். 15462இன் 2019 திருத்தத்தில் 64-10, 70-10, 76-10 என்று வெப்பநிலையை வைத்தே ரகம் பிரித்திருப்பது நல்ல முன்னேற்றம். மலைச்சாலைக் கொண்டை ஊசி வளைவு, சிக்னல் சந்திப்பு, பேருந்து நிறுத்தம், சுங்கச்சாவடி என பிரேக் பிடித்து நிற்கும் இடங்களில் அதற்குக் கொடுக்கும் விலை வீண் போகாது. ஆனால் சூடான டேங்கில் கிளறிக்கொண்டே இருக்காவிட்டால் பாலிமர் பிரிந்துவிடும். கிளறும் வசதியுள்ள டேங்க் சின்ன பிளான்ட் வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் இருக்காது. மாநிலம் முழுவதற்கும் இதை விதியாக்குவது இப்போதைக்குப் பொருந்தாது.

பிளாஸ்டிக் நம் மண்ணில் விளைந்த யோசனை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மீது தூவுவார்கள். அது உருகி ஜல்லியைப் படலமாகப் போர்த்திய பிறகுதான் தார் சேரும். சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே போட்டுப் பார்த்தார்கள். ஐ.ஆர்.சி. 2013இல் எஸ்.பி. 98 என்று வழிகாட்டி வெளியிட்டது, வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் கருங்கல் ஜல்லியில் சிலிக்கா மிகுந்த வகைகளுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல்தான் ஒட்டுதல் அதிகம். மழையில் தார் உரிந்து போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிளாஸ்டிக் படலம் அந்த இடத்தில் உதவுகிறது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் ஒரு கிலோமீட்டரில் 36 டன் தாருக்கு 8 சதவீதம் என்றால் 3 டன்னுக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக். அந்த 3 டன்னையும் பி.வி.சி. கலக்காமல் பிரித்து, கழுவி, உலர்த்தி, ஒரே அளவாக வெட்டிக் கொடுக்க வேண்டும். பி.வி.சி. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், பிளான்ட்டில் நிற்கும் தொழிலாளிதான் அதைச் சுவாசிப்பார். குப்பையை ஒழுங்காகப் பிரிக்கும் உள்ளாட்சி அருகில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அது இல்லாத இடத்தில் கட்டாயம் என்று எழுதினால் அது காகிதத்தில் மட்டும் கலந்த பிளாஸ்டிக்காகிவிடும். இன்னொன்று, பிளாஸ்டிக் போட்டாலும் ரோலர் ஓட்டியே ஆக வேண்டும். சரியாக அழுந்தாத தளத்தை அது காப்பாற்றாது.

அடுத்தது செயல்திறன் சோதனைகள். அமெரிக்க மாநிலங்களின் அனுபவம் இதில் நமக்குப் பாடமாக இருக்கும். 1987 முதல் 1993 வரை நடந்த பெரிய ஆய்வுத் திட்டத்திலிருந்து சூப்பர்பேவ் முறை பிறந்தது. ஆய்வகத்தில் கலவை மாதிரியை அடித்து இறுக்கும் பழைய மார்ஷல் சுத்தியலுக்குப் பதிலாகச் சுழன்று அழுத்தும் இயந்திரம் வந்தது, தாருக்கு வெப்பநிலை வைத்து ரகம் வந்தது. ரட்டிங் குறைந்தது. ஆனால் பல மாநிலங்களில் தார் குறைந்த வறண்ட கலவைகள் வந்து விரிசல் பெருகியது. அதனால்தான் இப்போது சமன்செய்த கலவை வடிவமைப்பு என்ற பாதையில் போகிறார்கள். வர்ஜீனியா மாநிலம் மூன்று சோதனைகளை வைத்திருக்கிறது: 64 டிகிரியில் 8000 சுற்று உருட்டினால் பள்ளம் 8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, உருளையில் போட்டுச் சுற்றினால் 7.5 சதவீதத்துக்கு மேல் உதிரக் கூடாது, விரிசல் தாங்கும் குறியீடு 70க்குக் குறையக் கூடாது. டெக்சாஸில் ஹாம்பர்க் சோதனை. 50 டிகிரி வெந்நீரில் கலவையை மூழ்கடித்து இரும்புச் சக்கரத்தை ஓட்டுகிறார்கள். தாரின் ரகத்துக்கேற்ப 10,000 முதல் 20,000 தடவை ஓடிய பிறகும் பள்ளம் 12.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

தண்ணீரும் சக்கரமும் சேர்ந்து அடிக்கும் இந்த ஹாம்பர்க் சோதனை நம் மழைக்கும் வெயிலுக்கும் பொருத்தமானது என்று நினைக்கிறேன். ஆனாலும் இதை முதல் திருத்தமாக வைக்கமாட்டேன். வர்ஜீனியாவின் 70ஐ அப்படியே எடுத்து நம் டெண்டரில் ஒட்ட முடியாது. அவர்கள் தங்கள் சாலைகளில் ஏற்கெனவே நன்றாக நின்ற கலவைகளையும் கெட்டுப்போன கலவைகளையும் சோதித்து அந்த எண்ணுக்கு வந்தார்கள். நாமும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கிண்டி நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகள் பிளான்ட் கலவைகளைச் சோதித்து, முடிவை பில்லோடு இணைக்காமல் பதிவு மட்டும் செய்துவரட்டும். எண்கள் சேர்ந்த பிறகு வரம்பு வைக்கலாம்.

இனி அடர்த்தி. பழைய நான்காம் திருத்தத்தில் சாலையில் போட்ட தளம், ஆய்வகத்தில் மார்ஷல் சுத்தியலால் செய்த மாதிரியின் அடர்த்தியில் 98 சதவீதம் இருந்தால் போதும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மாதிரியிலேயே 5 சதவீதம் காற்றிடைவெளி இருந்தால் சாலையில் ஏறக்குறைய 7 சதவீதம் வரும், மாதிரியில் 3 இருந்தால் சாலையில் 5 வரும். அளவுகோலே நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் திருத்தம் இதை மாற்றி, இடைவெளியே இல்லாத நிலையில் அந்தக் கலவைக்கு இருக்கக்கூடிய உச்ச அடர்த்தியை, ஜி.எம்.எம். என்று நாம் சொல்வதை, அளவுகோலாக வைத்தது. அதில் குறைந்தது 92 சதவீதம் வேண்டும், 700 சதுர மீட்டருக்கு ஒரு சோதனை. நம் ஒரு கிலோமீட்டர் 7000 சதுர மீட்டர், ஆக 10 கோர், அதாவது தளத்திலிருந்து வெட்டியெடுக்கும் உருளை மாதிரிகள். நல்ல மாற்றம், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது.

ஏன் என்றால் 92 சதவீதம் என்பது 8 சதவீத இடைவெளி. ஏறக்குறைய அந்த அளவில்தான் தனித்தனியாக இருக்கும் காற்றுக்குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீருக்கு வழியாகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊறிக் கிடக்கும் சாலைக்கு நாம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. அப்படி வெட்டிய கோரைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். மேல்புறம் கறுப்பாக, நெருக்கமாக, அழகாக இருக்கும். அடிப்பக்கம் திருப்பினால் ஜல்லிக்கு நடுவே விரல் நகம் நுழையும் அளவுக்குப் பொத்தல். கோர் மெஷினுக்கு விட்ட தண்ணீர் அந்தப் பொத்தல்களில் இருந்து வெகுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். மழைநீரும் அங்கேதான் தங்கும், மேலே போகும் ஒவ்வொரு டயரும் அதை அழுத்தித் தாரை உரிக்கும்.

அலபாமாவில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் அஸ்பால்ட் மையம் 2016இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இடைவெளி ஒரு புள்ளி குறைந்தால் தளத்தின் ஆயுள், குறைத்து மதிப்பிட்டாலும், 10 சதவீதம் கூடுகிறது என்றது. நம்முடைய ஐ.ஆர்.சி. 37லேயே களைப்பு விரிசலுக்கான சமன்பாட்டில் காற்றிடைவெளியும் தார் அளவும் சேர்ந்த ஒரு திருத்தக் காரணி இருக்கிறது. அதில் தாரின் பங்கைக் கன அளவில் (எடையில் அல்ல) 10.5 சதவீதம் என்று வைத்து இடைவெளியை 8இலிருந்து 6ஆகக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். களைப்பு ஆயுள் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகிறது. அடித் தார் அடுக்கின் விரிசலுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு அது, முழுச் சாலைக்கும் நீட்டிக்க முடியாது. ஆனாலும் தார் ரகத்தை மாற்றாமல், பிளாஸ்டிக் தேடாமல், ரோலரைச் சரியாக ஓட்டியே கிடைக்கக்கூடிய பலன் அது. இண்டியானா மாநிலம் இன்னும் துணிந்து, கலவையை 5 சதவீத இடைவெளிக்கு வடிவமைத்து, சாலையிலும் அதே 5க்கு அழுத்து என்கிறது. நாம் அவ்வளவு தூரம் இப்போதே போக வேண்டியதில்லை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரி 94, எந்த ஒரு கோரும் 92க்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஆரம்பிக்கலாம்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 30 மில்லிமீட்டர் தடிமனை விட்டுவிட வேண்டும். நன்றாக அழுந்த வேண்டுமானால் தளத்தின் தடிமன் பெயரளவு ஜல்லியைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், சொரசொரப்பான கலவைக்கு நான்கு மடங்கு. 13.2 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 30 என்பது இரண்டே கால் மடங்குதான். ஜல்லிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், ரோலர் கல்லை உடைக்குமே தவிர அழுத்தாது, சூடும் நிற்காது. 40 போட்டால்தான் மூன்று மடங்கு வருகிறது. நம் ஒரு கிலோமீட்டரில் அதற்குக் கூடுதலாக 165 டன் கலவை தேவை. அதே நிதியில் நான்கு கிலோமீட்டருக்குப் பதில் மூன்று கிலோமீட்டர்தான் போட முடியும். எத்தனை கிலோமீட்டர் புதுப்பித்தோம் என்று சட்டமன்றத்தில் சொல்ல வேண்டிய துறைக்கு இது கசக்கும். ஆனாலும் இரண்டு மழையில் பெயரும் நான்கு கிலோமீட்டரைவிடப் பல மழை தாங்கும் மூன்று கிலோமீட்டர்தான் மக்களுக்கு லாபம்.

மில்லிங்கும் இதோடு சேர்ந்த விஷயம்தான். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அனுப்பிய அறிவுறுத்தல் வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைத் தடுக்க வந்தது. அடர்த்திக்கும் அது நல்லது. மேடுபள்ளத்தின் மேல் நேராகப் போட்டால் ஒரே குறுக்குவெட்டில் ஓரிடத்தில் 25, இன்னோரிடத்தில் 55 மில்லிமீட்டர் வரும். ரோலர் மேட்டின் மேல் ஏறி நிற்கும், பள்ளத்தில் உள்ள கலவை அழுந்தாமலே ஆறிவிடும்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முறை. இப்போது பெரும்பாலும் பாஸ், ஃபெயில் என்ற இரண்டே முடிவு. 92.1 வந்தாலும் 95 வந்தாலும் காண்ட்ராக்டருக்கு ஒரே ரேட். கூடுதல் டயர் ரோலர் கொண்டுவந்து, டிப்பரை மூடி, ஓரத்தையும் ஜாயின்ட்டையும் கவனித்து அழுத்துகிறவருக்கு டீசல் செலவு மட்டுமே மிச்சம். ஃபெயில் என்று எழுதினால் தளத்தையே பெயர்த்தெடுக்க வேண்டும் என்பதால் களத்தில் நிற்கும் உதவிப் பொறியாளர் மீதும் அழுத்தம் அதிகம். பல அமெரிக்க மாநிலங்களில் வரம்புக்குள் எத்தனை சதவீத வேலை இருக்கிறது என்று சராசரியையும் சிதறலையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கேற்ப ரேட்டைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறார்கள். ஓரிரு இடத்தில் 96, மற்ற இடத்தில் 91 என்று இருந்தால் சராசரி காப்பாற்றாது. நம் டெண்டரிலும் இரண்டு மூன்று சதவீத ஊக்கத்தொகையும் அதற்கு இணையான பிடித்தமும் வைத்தால் ரோலர் டிரைவருக்கு இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓட்டச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். வி.ஜி.40ஐயும் பாலிமரையும் இந்த விதி வேரூன்றிய கோட்டங்களில், பாரச் சாலைகளிலும் சந்திப்புகளிலும், அடுத்தபடியாகச் சேர்க்கலாம்.

விதியில் தெளிவாக எழுத வேண்டிய சில சின்ன விஷயங்களும் உண்டு. கோர் எடுக்கும் இடத்தைத் தற்செயல் எண் அட்டவணை வைத்துத் துறை தீர்மானிக்க வேண்டும், அதுவும் ரோலர் வேலை முடிந்த பிறகு. இரண்டு பேவர் ஓட்டங்கள் சேரும் ஜாயின்ட்டில் இப்போது யாரும் கோர் எடுக்க விரும்புவதில்லை, உதிர்வது அங்கேதான் ஆரம்பிக்கும். அதற்கு 90 என்ற தனி வரம்போடு தனி கோர் வேண்டும். அன்றைய கலவையில் எடுத்த ஜி.எம்.எம். மாதிரியில் பாதியைத் தரக்கட்டுப்பாட்டுக் கோட்டம் முத்திரை வைத்துப் பத்திரப்படுத்தட்டும், பில்லில் தகராறு வந்தால் மறுசோதனைக்கு உதவும். கோர் எடுத்த குழியை அன்றே தண்ணீர் ஒற்றி, டாக் கோட் (ஒட்டுவதற்கான மெல்லிய தார்ப் பூச்சு) அடித்து, சூடான கலவையை இரண்டு அடுக்காக இடித்து மூட வேண்டும். அந்த வேலைக்குத் தனி ஐட்டமாக விலைப்பட்டியலில் ரேட்டும் வைக்க வேண்டும்.